'ஆச்சி வீட்டு உறவுகள்' குழுவில்

கீதா: டாக்டரிடம் போய் வந்தேன். நாலு பல்லை எடுத்துவிட்டுக் கம்பி போடணுமாம். ரெண்டு வருஷம் ஆகுமாம். தையில் நிச்சயம், என்ன செய்ய?

ராஜம் சித்தி: ஐயோ நாலா!

முருகேசன் மாமா: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும்மா. தொடாதே.

செந்தில்: மாமா, கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. அக்கா, எக்ஸ்ரே, அளவு எல்லாம் பார்த்தேன். கீழ் வரிசையில் 9 மி.மீ. இடம் குறைகிறது. பத்து வயதில் என்றால் பிளேட் வைத்து மேல்தாடையை அகலப்படுத்தலாம். 31 வயதில் எலும்பு இறுகியிருக்கும், அது சுலபமில்லை. எனாமலைத் தேய்த்தால் ஒரு இடுக்குக்கு அரை மி.மீ. கிடைத்தாலே பெரிசு. கோரைப்பல்லுக்கு அடுத்த பல் ஒவ்வொன்றும் 7 மி.மீ. போல இருக்கும். அதனால்தான் மேலே ரெண்டு, கீழே ரெண்டு. மிச்ச இடத்தில் முன்பல் தூக்கலும் உள்ளே போகும்.

ராஜம் சித்தி: 👍

முருகேசன் மாமா: ஞானப்பல்லை எடுத்தால் போதாதா? சும்மாதானே கிடக்கு.

செந்தில்: அது கடைசியில் இருக்கு மாமா. நெரிசல் முன்னால்.

சாந்தா அத்தை: பத்து வயதிலேயே காட்டுங்கள் அண்ணி என்றேன். அப்போது ஸ்கூட்டர்தான் முக்கியமாக இருந்தது.

அம்மா: இப்போது எதற்கு அது சாந்தா.

சாந்தா அத்தை: சொன்னேன், அவ்வளவுதான்.

ராஜம் சித்தி: ஆச்சியின் இடியாப்ப உழக்கு யாரிடம் இருக்கு?

கீதா: நிச்சயத்துக்குக் கம்பியோடு போட்டோவா?

செந்தில்: பல் நிறத்தில் செராமிக் இருக்கு. ஆனால் முதலில் ஈறு. உனக்கு ரத்தம் வருதே, அதைச் சரிபண்ணாமல் பல்லை நகர்த்தினால் ஆட்டம் காணும். அந்த வேலைக்கே மார்கழி ஆகிவிடும். பல் எடுப்பது, கம்பி எல்லாம் நிச்சயம் முடிந்த பிறகு.

அம்மா: மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது?

கீதா: அவரிடம் சொல்லிவிட்டேன்மா. அவரும் காலேஜில் கம்பி போட்டவராம். கம்பி எடுத்த பிறகு பல் நகராமல் இருக்கப் போடும் ரிடெய்னரை மாட்டாமல் விட்டு மறுபடி கோணலாம் 😂

செந்தில்: அதைத்தான் சொல்ல வந்தேன். ரிடெய்னர் காலத்துக்கும்

ராஜம் சித்தி: உழக்கு??

அம்மா: சாந்தாவிடம் கேள்.

முருகேசன் மாமா: எதற்கும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு தடவை காட்டுவோம். வெள்ளிக்கிழமை நான் காரில் கூட்டிப் போகிறேன்.

சாந்தா அத்தை: அன்றைக்கு உங்களுக்குக் கண் ஆஸ்பத்திரி.

செந்தில்: பல் முப்பத்திரண்டும் இருந்துமா மாமா? 😂

கீதா: அப்போ வெள்ளி யார் வருகிறீர்கள்?

ராஜம் சித்தி: பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் கிளம்பினால் நான் வருகிறேன்.