அப்பியஸ் கிளாடியஸ் ஏழைகளின் ஆளா, ஓட்டுக் கணக்கா?

தோட்டத்துப் பையன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்ட மண்டபத்தில் அவ்வப்போது வரலாற்றுப் பேச்சு நடக்கும், இந்த முறை ரோமாபுரி என் தலையில் விழுந்திருக்கிறது. அப்பியஸ் கிளாடியஸ் பட்ரீசியன், அதாவது பரம்பரை உயர்குடி. கி.மு. 312-இல் சென்சார் ஆனதும் (செனட் பட்டியல் எழுதுகிற பதவி) விடுதலையான அடிமைகளின் பிள்ளைகளைச் செனட்டில் சேர்த்தார். அதே ஆள் கி.மு. 300-இல் பிளபியன்களுக்கு (உயர்குடி அல்லாத பொதுக் குடிமக்கள்) பூசாரிப் பதவி தரக் கூடாது என்று மல்லுக்கு நின்றார். இவரை எந்தப் பக்கம் வைப்பது?

பால்மரம்:
பக்கத்தை விடுங்கள் தம்பி, ஓட்டைப் பாருங்கள். ரோமில் அப்போது 31 ஓட்டுப் பிரிவுகள், பிரிவுக்கு ஒரே ஓட்டு. நகரத்து ஏழைகளை 4 பிரிவுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள், எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் ஓட்டு நாலுதான். எந்தப் பிரிவிலும் பதியலாம் என்று இவர் திறந்துவிட்டார், அவர்கள் யாருக்கு நன்றியோடு ஓட்டுப் போடுவார்கள்? கி.மு. 304-இல் சென்சாராக இருந்த ஃபேபியஸ் மறுபடி நாலுக்குள்ளேயே தள்ளிவிட்டார். செனட் பட்டியலும் நிலைக்கவில்லை, அடுத்த வருஷக் கான்சல்கள் (வருஷா வருஷம் தேர்வாகும் தலைமை அதிகாரிகள்) பழைய பட்டியலை வைத்தே சபையைக் கூட்டினார்கள். நிலைத்தது தெற்கே கப்புவா நகரம் வரை போட்ட ரோடும், பெரும்பாலும் மண்ணுக்கடியில் 16 கிலோமீட்டர் கால்வாயில் ரோமுக்கு வந்த தண்ணீரும்தான்.

கிராணி பேரன்:
அந்தத் தண்ணீரின் ஊற்றைக் கண்டுபிடித்தவர் கூட இருந்த சென்சார் பிளாட்டியஸ். பேர் மட்டும் அப்பியஸுக்கு! நம்ம ஊர் திறப்பு விழாக் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை.

பிளேவியஸை விட்டுவிடாதீர்கள். அப்பியஸிடம் கிராணி வேலை பார்த்தவர், விடுதலையான அடிமையின் மகன், கி.மு. 304-இல் ஈடில் பதவிக்கு (நகர நிர்வாகம் பார்க்கிற அதிகாரி) ஜெயித்தார். வழக்கு நாள்கள் எவை என்பது அதுவரை பூசாரிகளின் ரகசியம், அதை வெள்ளைப் பலகையில் எழுதிச் சந்தைவெளியில் வைத்துவிட்டார். உடம்பு சரியில்லாத சக அதிகாரியைப் பார்க்கப் போனபோது அங்கிருந்த உயர்குடிப் பையன்கள் எழுந்திருக்கவில்லை. மனுஷன் தன் பதவி நாற்காலியை அங்கேயே கொண்டுவரச் சொல்லி, அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்தார்.

தோட்டத்துப் பையன்:
நாற்காலிக் கதையிலேயே ஆரம்பிக்கிறேன். அப்பியஸ் கண் போன வயதில் பல்லக்கில் செனட்டுக்கு வந்து, ரோமோடு போரிட்ட கிரேக்க மன்னன் பிர்ரஸோடு சமாதானம் கூடாது என்று பேசியது கடைசியில். பிளாட்டியஸ் ஏன் பதவியை விட்டார்?

பால்மரம்:
அந்தச் செனட் பட்டியலின் வெட்கக்கேடு தாங்காமல் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. ரோமின் தண்ணீர்க் கால்வாய்களைப் பற்றி எழுதிய ஃப்ராண்டினஸ் வேறு மாதிரி சொல்கிறார்: சென்சாரின் பதவிக்காலமான 18 மாதம் முடிந்ததும் அப்பியஸும் விலகுவார் என்று நம்பி விலகினாராம். அப்பியஸ் விலகவில்லை, சட்டத்துக்கு ஏதேதோ வியாக்கியானம் சொல்லி நாற்காலியிலேயே இருந்துவிட்டார்.