ரவிதாசன்தான் கொன்றான் என்று கல்கி எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்?

ஓலைநாயகம்:
சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த வாசகர் அமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் முழு நாளும் கல்கியின் சோழர் கால நாவலான 'பொன்னியின் செல்வ'னுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. தொடக்கவுரை ஆற்றியவர், "சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவன் ரவிதாசன், கல்கியும் அதையே சொல்கிறார், உடையார்குடிக் கல்வெட்டும் அதையே சொல்கிறது" என்றார். அரங்கம் கைதட்டியது, நான் தட்டவில்லை. நாவலில் கரிகாலன் இறக்கும் நேரத்தில் கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. யாழ்க் களஞ்சியத்தில் ஒளிந்திருக்கும் கதாநாயகன் வந்தியத்தேவனுக்கும் நடந்தது தெரியாது, நமக்கும் தெரியாது. அதன்பின் சோழ நாட்டுத் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் அது தம் கையால் நேர்ந்தது என்கிறார், கடம்பூர் இளவரசி மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள், பழியைச் சுமந்துகொண்டு பாதாளச் சிறைக்குப் போகிறவன் வந்தியத்தேவன். இத்தனை பேர் ஒரு கொலைக்கு உரிமை கொண்டாடும்படி எழுதிய ஆசிரியர், ரவிதாசன்தான் கொன்றான் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்? பக்கத்தைக் காட்டுங்கள்.

வீராணத்துக்காரன்:
நானும் அரங்கில் இருந்தேன், கைதட்டினேன், அதற்காக வெட்கப்படவில்லை. முதல் பாகத்திலேயே திருப்புறம்பயம் பள்ளிப்படையில், அதாவது இறந்த அரசனுக்கு எழுப்பிய நினைவுக் கோயிலில், ரவிதாசனும் அவன் கூட்டமும் கூடிப் பேசுவதை வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து கேட்கிறான். கரிகாலன் வெட்டிய பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலைக்குப் பழிவாங்கச் சபதம் செய்தவர்கள் அவர்கள். சதி செய்து, பழுவேட்டரையரின் இளைய மனைவி நந்தினியைத் தூண்டி, இளவரசனைக் கடம்பூருக்கு வரவழைத்து, அந்த அறை வரைக்கும் வந்து நின்றவர்களைக் கொலைகாரர்கள் என்று சொல்வதற்குப் பக்க எண் வேண்டுமா? நாவலை வாசித்தவர்களுக்கு அது வேண்டியதில்லை.

ஓலைநாயகம்:
சதி செய்தவன் ரவிதாசன் என்பதை நான் எங்கே மறுத்தேன்? கொன்றவன் யார் என்பதுதான் என் கேள்வி. விளக்கு அணைந்த பிறகு நடந்ததை ஆசிரியர் காட்டவில்லை. நீங்கள் மட்டும் அந்த இருட்டில் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பக்கத்தைக் காட்டுங்கள்.

மணியம் கோடுகள்:
இருவரும் கையில் வைத்திருப்பது எந்தப் பதிப்பு? 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு ஆளுக்கொரு பதிப்பு வந்துவிட்டது; ஒன்றின் பக்க எண் மற்றொன்றோடு ஒத்துப்போவதில்லை. போதாக்குறைக்கு, பெரும்பாலானவற்றில் மணியம் அவர்களின் ஓவியங்கள் இல்லை. வாராவாரம் அந்தக் கோட்டோவியங்களோடு வந்த கதையை, ஓவியத்தை நீக்கிவிட்டு வெறும் எழுத்தாக அச்சிட்டால் பாதிக் கதை போய்விடுகிறது. ஐந்து ஆண்டுகள் தொடராக வந்த நாவலுக்கு நாம் காட்டும் மரியாதை இதுதானா? கூட்டத்தில் ஓர் ஓவியமாவது காட்சிக்கு வைத்தார்களா?

ஓலைநாயகம்:
ஐந்து பாகங்களை ஐந்து ஆண்டுகள் ஆக்கிவிட்டீர்கள். 1950 அக்டோபர் 29ஆம் தேதி தொடங்கிய தொடர் 1954 மே மாதத்தில் முடிந்துவிட்டது. மொத்தம் மூன்றரை ஆண்டுகள்தான். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கல்கி மறைந்தார். ஓவியங்களைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு, ஆனால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்.

வீராணத்துக்காரன்:
சரி, கல்வெட்டுக்கு வருவோம். காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது உடையார்குடிக் கல்வெட்டு உள்ள கோயில். நாவலின் முதல் காட்சியில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரிக்குப் பக்கம். எங்கள் பகுதிக் கல்வெட்டு அது. கரிகாலனின் தம்பி இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கரிகால சோழனைக் "கொன்று துரோகிகளான" என்றே குறிக்கிறது. கொன்று என்ற சொல்லுக்கு ஓலைநாயகம் ஐயா வேறு பொருள் வைத்திருந்தால் அகராதிக்காரர்களுக்கு எழுதி அனுப்பட்டும்.

ஓலைநாயகம்:
உங்கள் பகுதிக் கல்வெட்டு என்பதால் அது உங்களிடம் தனியாக எதுவும் சொல்லிவிடவில்லை. நான் அங்கே போய், அந்தக் கற்களின் முன் குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்தவன். ஒருவர் எண்ணெய் விளக்கைச் சாய்த்துப் பிடிக்க, பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழுத்தின் பள்ளம் தெரிந்தது. அந்தக் கல்வெட்டின் நோக்கம் நிலம். துரோகிகளுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலங்களைப் பறிமுதல் செய்து விற்றதைப் பற்றியது அது. கல்வெட்டில் ரவிதாசன் 'பஞ்சவன் பிரமாதிராயன்', அவன் தம்பி பரமேசுவரன் 'இருமுடிச்சோழ பிரமாதிராயன்'. அதாவது அரசிடம் உயர்ந்த பட்டம் பெற்ற அந்தண அதிகாரிகள். கல்கியின் ரவிதாசனோ காட்டில் ஆந்தைபோல் அலறும் மந்திரவாதி. அந்தக் கல்லிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு, அதே கல்லில் வரும் ரேவதாசக் கிரமவித்தனைக்கூட விட்டுவைக்காமல், அவர்களுக்குப் புது வாழ்க்கை கொடுத்தவர் கல்கி. அது அவருடைய மேதைமை. கல் பெயர்களைச் சொல்கிறது, நாவல் யாரையும் சொல்லாமல் விடுகிறது; பிறகு எப்படி இரண்டும் "அதையே" சொல்லும்? அந்த ஒரு சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பாண்டிமாதேவி:
இத்தனை நீளத்துக்கு எழுதியும் உத்தம சோழன் பெயரை யாரும் எடுக்கவில்லை. கரிகாலன் கொலையுண்ட பிறகு உத்தமன் அரியணை ஏறி, இராசராசன் 985இல் வரும் வரைக்கும் ஆண்டான். கொலைகாரர்களின் நிலம் பறிக்கப்பட்ட செய்தி இராசராசனின் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் பட்டம் பெற்ற அந்த அதிகாரிகளை யார் காப்பாற்றினார்கள்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தமனைச் சந்தேகப்பட்டது காரணமில்லாமலா? கல்கி சேந்தன் அமுதனை உத்தமனாக்கிப் பூத்தொடுக்கும் அப்பாவியாகக் காட்டி, அந்தக் கேள்வியையே புதைத்துவிட்டார்.

வீராணத்துக்காரன்:
இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் அந்தச் சந்தேகத்தை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அம்மா. நிலம் விற்றதைச் சொல்லும் கல்வெட்டு அது; தண்டனை அதற்கு முன்பே வழங்கப்பட்டிருக்கலாம். செம்பியன் மாதேவியின் மகனான உத்தமன்மீது இவ்வளவு எளிதாகப் பழி போடாதீர்கள்.

பாண்டிமாதேவி:
தாய் பக்திமான் என்பது மகனுக்கு நற்சான்று ஆகாது. செம்பியன் மாதேவியார் கற்றளிகள், அதாவது கற்கோயில்கள், எடுப்பித்ததை நானும் வணங்குகிறேன், அதனால் வரலாற்றுக் கேள்வி அடங்கிவிடுமா?

ஓலைநாயகம்:
இரண்டு பேரும் நாவலை விட்டு வெளியேறிவிட்டீர்கள். உத்தமன் குற்றவாளியா என்பது வரலாற்றாசிரியர்களின் வழக்கு. கூட்டம் நடந்தது நாவலுக்காக. கதை முடிந்தபோது வாசகர்கள் நிறைவில்லை என்று குறைப்பட, கல்கி முடிவுரையிலேயே அவர்களுக்குப் பதில் எழுதினார். குறை கேட்டுப் பதில் எழுதத் தெரிந்தவருக்குக் கொலையாளியின் பெயரை எழுதத் தெரியாதா? எழுதாமல் விட்டது அவர் முடிவு. அந்த முடிவை மேடையில் ஏறி ஒருவர் ஒரே வாக்கியத்தில் அழித்துவிட்டார். முதன்முறையாக நாவலைப் படிக்க வந்திருந்த கல்லூரி மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் 'ரவிதாசன் = கொலையாளி' என்று எழுதி அடிக்கோடு இட்டதை என் கண்ணால் பார்த்தேன். அந்த அடிக்கோடுதான் என்னை இங்கே எழுத வைத்தது.

வீராணத்துக்காரன்:
உண்மையான காரணம் எங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் உங்கள் கட்டுரைக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். மணி அடித்தும் நீங்கள் இறங்கவில்லை. இவ்வாண்டு தொடக்கவுரைக்கு உங்களை அழைக்கவில்லை. அதற்கு ரவிதாசன் என்ன செய்வான்?

ஓலைநாயகம்:
பத்து நிமிடம் கொடுத்ததும் மணி அடித்ததும் உண்மை. பழுவேட்டரையரின் வாக்குமூலத்தை அன்று முழுதாக வாசிக்க விட்டிருந்தால் இந்த ஆண்டு இந்தத் தவறு நடந்திருக்காது. மரணத்தின் வாசலில் நின்ற கிழவரின் சொல்லையே நம்புவதா வேண்டாமா என்று வாசகனைத் தவிக்கவிட்ட எழுத்து அது. பக்கத்தைக் காட்டுங்கள் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். பதிலுக்கு என் மணிக்கணக்கைக் காட்டுகிறீர்கள்.

மணியம் கோடுகள்:
மூன்றரை ஆண்டுகள் என்பதை ஏற்கிறேன். ஓவியம் வைத்தார்களா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வீராணத்துக்காரன்:
பள்ளிப்படை அத்தியாயத்தை மீண்டும் வாசியுங்கள், ஐயா. என் பதில் அங்கேயே இருக்கிறது.

ஓலைநாயகம்:
நேற்றிரவே வாசித்துவிட்டேன். அங்கே சபதம் இருக்கிறது, கொலை இல்லை. கடம்பூர் அத்தியாயத்தை நீங்கள் வாசியுங்கள். விளக்கு அணையும் வரியில் நிறுத்திவிட்டு, அடுத்து நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.