‘ட்ரை ராட்’ என்பதற்கு ‘உலர் அழுகல்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

பழைய மரப்படகுகளைப் புதுப்பிக்கும் பணிக்கான சொற்பட்டியலில், மரம் பொடியாக உதிரும் கேடான ‘ட்ரை ராட்’ (dry rot) என்பதற்கு ‘உலர் அழுகல்’ என முன்மொழியப்பட்டுள்ளது. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் அதில் பிழையில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு வேலையில் இறங்குபவர் பழுதைத் தவறான இடத்தில் தேடுவார் என்பதால், அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மரத்தை இவ்வாறு சிதைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது வளர்வதில்லை. மூலச்சொல்லில் உள்ள ‘உலர்’ என்பது நோய் முற்றிய பிறகு மரம் தோன்றும் நிலையைக் குறிக்கிறதே தவிர, நோயின் காரணத்தைக் குறிக்கவில்லை. பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோசைத் தின்றுவிட்டு, அந்த நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைப் பழுப்பாக விட்டுச்செல்வதால், மரம் சுருங்கிக் கட்டங்கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிறது. படகில் இதற்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் கடல்நீரன்று, மேல்தள இடுக்குகளில் இறங்கிக் காற்றோட்டமில்லாத மூலைகளில் தங்கும் மழைநீர்தான். உப்பு பூஞ்சையைத் தடுக்கும் என்று அறிந்திருந்த அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கப்பல் கட்டுநர்கள், விலாச்சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பிவைத்தார்கள். ‘உலர்’ என்ற அடைமொழி இந்த உண்மையை மறைத்துவிடுகிறது.

‘அழுகல்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அழுகுதல் என்றதும் பழமும் மீனும், கசிவும் நாற்றமும் நினைவுக்கு வருகின்றன. மரத்துக்கு நம்மிடம் வேறு சொற்கள் உண்டு. ‘உளுத்துப்போனது’ என்பது பூச்சி குடைந்த மரத்தைச் சுட்டுவதால், பூஞ்சையின் வேலைக்கு அதைப் பயன்படுத்தினால் இரண்டு நோய்கள் ஒன்றாகிவிடும். ‘இற்றுப்போனது’ கயிற்றுக்கும் துணிக்கும் பொதுவானது. எஞ்சுவது ‘உக்குதல்’. ஈழத்தில் உக்கிப்போன பலகை என்பதும் உக்கும் குப்பை என்பதும் அன்றாட வழக்கு. தமிழ்நாட்டில் மக்கும் குப்பை என்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். வாழும் சொல் ஒன்று கையிலிருக்கையில் புதிதாக மொழிபெயர்ப்பது வீண் என்பதே என் எண்ணம்.

ஆகவே பொதுப்பெயராக ‘உக்கல்’ என்பதையும், ‘ட்ரை ராட்’ என்பதற்குப் ‘பொடியுக்கல்’ என்பதையும் முன்மொழிகிறேன். லிக்னினையும் சேர்த்துத் தின்று, வெளுத்த நார்நாரான மரத்தை விட்டுவைக்கும் வகைக்கு ‘நாருக்கல்’ பொருந்தும். பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று அறிய இவை உதவும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும், உக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். குத்தூசி எதிர்ப்பின்றி இறங்கும் எல்லையோடு நின்றுவிடாமல், அதையும் தாண்டி நல்ல மரம் வரை வெட்டியெடுத்த பிறகே புதுப்பலகையை இணைக்க வேண்டும். பலகை முனைகளைச் சாய்வாகச் சீவிப் பொருத்தும் அந்தச் சாய்விணைப்பின் நீளம் பலகைத் தடிமனைப் போல் 8 முதல் 12 மடங்கு இருப்பது வழக்கம்.

அடுத்தது ‘நெயில் சிக்னஸ்’ (nail sickness). இதை ‘ஆணிநோய்’ என்றால் ஆணியை மாற்றினால் போதும் என்று தோன்றிவிடும். உண்மையில் இரும்பாணி துருப்பிடிக்கும்போது உண்டாகும் வேதிப்பொருள்கள் ஆணியைச் சுற்றியுள்ள மரத்தைக் கறுக்கச்செய்து மெலிவிக்கின்றன. இங்கே பூஞ்சை இல்லை, ஆயினும் மரம் உக்கியிருக்கிறது. அதே துளையில் புது ஆணியை அடித்தால் அது பிடிக்காது என்பதால், துளையை நல்ல மரம் வரை அகலப்படுத்தி, மரமுளை வைத்து அடைத்த பிறகே அடிக்க வேண்டும். இதற்குத் ‘துருவுக்கல்’ என்பது என் பரிந்துரை.

பித்தளைத் திருகாணிகளின் கேட்டை இதோடு சேர்க்கக் கூடாது. கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துபோக, செம்பு மட்டும் துளைத்துளையாக நிற்கிறது. தலைப்பகுதி முழுதாகத் தோன்றினாலும், சுரண்டிப் பார்த்தால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். திருப்புளியை அழுத்தியதும் ஆணி முறிந்துவிடும். இதற்குப் பட்டியலில் உள்ள ‘துத்தநாக நீக்கம்’ என்பது யாரோ வேண்டுமென்றே நீக்கியதுபோல் ஒலிக்கிறது. ‘துத்தநாக இழப்பு’ என்று மாற்றலாம்.

‘உக்கல்’ தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதாக இருக்கும் என்ற தடை எழக்கூடும். முதல்முறை வரும் இடத்தில் ‘உக்கிப்போன, அதாவது மக்கிய மரம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். ‘மக்கல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று கருதுவோர், அது மண்ணோடு மண்ணாவதையே முதன்மையாகச் சுட்டுவதையும், படகில் ஆணிகளால் இறுகப் பிடிக்கப்பட்டு நிற்கும் பலகைக்கு அது பொருந்துமா என்பதையும் எண்ணிப் பார்த்து எழுத வேண்டுகிறேன்.