கோகோ தீவில் சீன உளவுத்தளம்: படமே சாட்சி

ஓமலூரான்:
மியான்மருக்குச் சொந்தமான கிரேட் கோகோ தீவு நம்ம அந்தமானுக்கு வடக்கே 55 கிலோமீட்டரில் இருக்கிறது. மாக்சர் நிறுவனம் 2023 ஜனவரியில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை வைத்து, லண்டனில் இருக்கும் சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் அந்த மார்ச்சில் ஒரு கட்டுரை போட்டது. ஓடுபாதை 2,300 மீட்டருக்கு நீண்டிருக்கிறது, புதிதாக இரண்டு ஹேங்கர் (விமானக் கொட்டகை), ஒரு ரேடார் நிலையம், தெற்கு முனையில் வேலைக்காகக் காடு வெட்டிய இடம், எல்லாமே படத்தில் தெளிவாக இருக்கிறது. இதற்குப் பிறகும் அங்கே சீனா உட்காரவில்லை என்று நேற்று இதே குழுவில் சிலர் வாதாடினீர்கள். என் மச்சான் போர்ட் பிளேரில் கடை வைத்திருக்கிறான், அவனுக்கு இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை.

மிளகுக்கொடி:
ஓடுபாதை நீண்டது சரி தம்பி, அதில் சீனா எங்கே தெரிகிறது? நான் ஏற்காட்டில் இருக்கிறேன். எங்கள் தோட்டத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அடர்ந்த காடு, அவ்வளவுதான். சில்வர் ஓக் நிழலுக்குக் கீழே காப்பி நிற்பதோ, அந்த மரத்தில் மிளகு ஏறியிருப்பதோ, அதைப் பறிக்க ஆள் கிடைக்காமல் நான் அல்லாடுவதோ மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. யார் சொத்து என்பது அதற்கும் மேல்.

கோகோவில் சீன ஒட்டுக்கேட்பு நிலையம் இருக்கிறது என்ற பேச்சு 1990களின் தொடக்கத்திலிருந்தே ஓடுகிறது. 2005-இல் நம் கடற்படைத் தளபதியாக இருந்த அருண் பிரகாஷே அப்படி எதுவும் அங்கே இல்லை என்று சொன்னார்.

ஓமலூரான்:
2005-இல் சொன்னதை வைத்து 2023-இல் எடுத்த படத்தை மறுப்பீர்களா அண்ணே? உள்நாட்டுச் சண்டையில் திணறுகிற ராணுவ அரசு, நடுக்கடலில் ஒரு குட்டித் தீவில் இவ்வளவு பணத்தை ஏன் கொட்டுகிறது? யாரோ கொடுக்கிறார்கள். இதற்கெல்லாம் ரசீது கேட்டால் எப்படி?

அம்மாபேட்டை72:
இரண்டு பேருமே டேப் எடுக்காமல் நிலத்தகராறு பேசுகிறீர்கள். முதலில் நம்ம சேலம் காமலாபுரம் ஏர்போர்ட்டை கூகுள் எர்த்தில் அளந்து பாருங்கள், சுமார் 1,800 மீட்டர் வரவேண்டும், வந்தால் உங்கள் கை சரி. அங்கே ஏடிஆர் என்ற சின்னப் பயணிகள் விமானம் இறங்குகிறது. 2,300 மீட்டரில் அதைவிடப் பெரியது இறங்கலாம், ஆனால் எது வேண்டுமானாலும் உள்ளே போய் நிற்க முடியாது, ஏனென்றால் அந்த ஹேங்கர்களின் அகலம் கிட்டத்தட்ட 40 மீட்டர்தான். மியான்மர் விமானப்படையிடம் ஒய்-8 என்ற சரக்கு விமானம் இருக்கிறது, இறக்கை நுனிக்கு நுனி 38 மீட்டர், அது நுழையும். அது சீனாவில் செய்தது. ஆக நாளைக்கே படத்தில் ஒரு சீன விமானம் நின்றாலும் அது மியான்மருடையதாகவே இருக்கலாம்.

இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர், அதாவது அந்த ஹேங்கர் அகலத்துக்கு நாலு புள்ளி. புது மண் வெட்டினால் பளிச்சென்று தெரியும், அதற்குக் கண் பழக நம்ம மேக்னசைட் சுரங்கத்து வெள்ளை மேட்டை மாதாமாதம் பார்த்தாலே போதும். மழைக்காலத்தில் அந்தமான் பக்கம் முழுக்க மேகம்தான், அப்போது ரேடார் படம் எடுக்கும் சென்டினல்-1 பக்கம் போகவேண்டும்.

மிளகுக்கொடி:
அளவு சரியாக இருந்தாலும் அர்த்தம் தப்பாகலாம். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் என்ன காட்டினார்? இராக்கில் ஒரு கிடங்கின் செயற்கைக்கோள் படம், பக்கத்தில் ஒரு வண்டி, அது ரசாயன ஆயுதக் கசிவைக் கழுவும் வண்டி என்றார். போர் முடிந்து தேடினார்கள், அவர் சொன்ன ஆயுதக் குவியல் எங்கேயும் கிடைக்கவில்லை.

சூரமங்கலத்துக்காரி:
பவல் உதாரணம் இங்கே பொருந்தாதுங்க. அது அரசாங்கம் பூட்டி வைத்திருந்த படம், வெளியாள் யாரும் சரிபார்க்க வழியில்லை. இப்போது காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். 2021-இல் சீனாவின் யூமென் பக்கத்துப் பாலைவனத்தில் சுமார் 120 ஏவுகணைக் குழிகள் கட்டப்படுவதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவில் ஒரு கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அதுவும் விலைக்குக் கிடைக்கிற படத்தை வைத்து. காற்றாலை என்று சீனத் தரப்பில் சிலர் சமாளித்தார்கள். அந்த வருடமே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பெண்டகனின் அறிக்கையிலும் புதிய குழிகள் பற்றி வந்தது.

ஆனால் ஓமலூரான் ரொம்பக் குதிக்க வேண்டாம். யூமெனில் குழிக்கு மேலே கூடாரம் மாதிரி மூடி, சுமார் மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக வரிசை, அந்த அமைப்பே இன்னது என்று காட்டிக்கொடுத்தது. இடமும் சீனாவுக்குள். கோகோவில் அப்படித் தனி அடையாளம் ஒன்றும் இல்லை, ஓடுபாதையும் கொட்டகையும் எந்த நாட்டு ராணுவமும் கட்டும். படம் வந்ததால் கேள்வி வந்தது, மியான்மர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று, அந்த அளவில் படம் தன் வேலையைச் செய்துவிட்டது.

ஓமலூரான்:
என்ன பதில்? அபத்தம் என்றார்கள். சீனாவும் மறுத்தது. பின்னே ஆமாம் என்றா சொல்வார்கள்?

மிளகுக்கொடி:
மறுப்பை நம்பச் சொல்லவில்லை. மறுப்பு பொய்யாக இருந்தாலும் உன் தலைப்பு உண்மையாகிவிடாது. "மியான்மர் விமானத்தளம் விரிகிறது" என்று போடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஓமலூரான்:
அப்படிப் போட்டால் யார் அண்ணே படிப்பார்கள்? வேண்டுமானால் கடைசியில் ஒரு கேள்விக்குறி சேர்க்கிறேன்.

அம்மாபேட்டை72:
கேள்விக்குறி அப்புறம் இருக்கட்டும், நீங்கள் போட்ட ஸ்கிரீன்ஷாட்டில் படம் எடுத்த தேதியைக் காணோம். ஓடுபாதையின் மேற்குப் பாதி ஒரு நிறம், கிழக்குப் பாதி வேறு நிறம், நடுவில் ஒட்டுப்போட்ட கோடு ஓடுகிறது. அது வெவ்வேறு தேதியில் எடுத்த இரண்டு படம். தேதியோடு திரும்பப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.