வியாழன் வேதபாடம் – தெற்குத் தெரு

புதன், மாலை 6.12

செல்வின்: அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாளை வேதபாடம் எங்கள் வீட்டு முறை. ஆனால் ஹாலில் இன்றுதான் பட்டி பார்த்திருக்கிறார்கள். சாமான் எல்லாம் முற்றத்தில் கிடக்கிறது. இந்த ஒரு வாரம் யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா?

மேரி: போன மாதமும் பட்டிதான்

செல்வின்: அது மாடி, சித்தி

எஸ்தர்: எங்கள் வீட்டில் வைக்கலாம். ஆனால் 17 படி. பொன்னம்மா ஆச்சி ஏற மாட்டார்கள்

ரஞ்சிதம்: எங்கள் வீட்டில் போன வாரம்தான் முடிந்தது 🙏

ஞானராஜ் சார்: அன்பானவர்களே, இடம் எதுவானாலும் நாளை ரூத் 4ஆம் அதிகாரம், 22 வசனம். இதோடு புத்தகம் முடிகிறது. மொத்தமே 85 வசனம், நமக்கு ஏழு வாரம் ஆயிற்று. அதில் இரண்டு வாரம் அசன விருந்து வசூல் பேசியே போனது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். வருமுன் லேவியராகமம் 25:25, உபாகமம் 25:5 முதல் 10 வரை வாசித்துவிடவும். வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக அவன் உறவினன் அதை மீட்க வேண்டும் என்கிறது லேவியராகமம். உபாகமம் சொல்வது வேறு. செத்துப்போன சகோதரனின் மனைவியைச் சேர்த்துக்கொள்ள மறுப்பவனின் பாதரட்சையை அவளே கழற்றி, முகத்தில் துப்புவாள். ரூத்தில் துப்புதல் இல்லை. அந்தச் சுதந்தரவாளியே, அதாவது நிலத்தை மீட்கும் உரிமையுள்ள உறவினனே, கழற்றிக் கொடுத்துவிடுகிறான். ஏன்? யோசித்து வரவும். முதலில் மீட்கிறேன் என்றவன், செத்தவனின் மனைவி ரூத்தையும் சேர்த்துத்தான் என்றதும் பின்வாங்குகிறான். கணக்குப் பார்த்தால், பணம் இவன் கொடுக்க வேண்டும், நிலமோ பிறக்கும் பிள்ளை வழியாகச் செத்தவன் பேருக்குப் போய்விடும். அவனைக் கெட்டவன் என்று வேதம் சொல்லவில்லை. பெயரைத்தான் சொல்லவில்லை.

டேனி: சார், 'மேலும் படிக்க' இரண்டு தடவை அமுக்கினேன்

ஜெபராஜ்: நாளைக்கு நில விஷயம் வேண்டாமே சார். ஒரு சங்கீதம் எடுங்கள்

மேரி: வரிசையாகத்தானே வருகிறோம்

செல்வின்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

எஸ்தர்: செல்வின். இது குரூப்

ஜெபராஜ்: நான் படித்துவிட்டேன் மைனி. பரவாயில்லை

ஞானராஜ் சார்: நிலத்தை ஒதுக்கிவிட்டு நம் சபை வரலாறே இல்லை, ஜெபராஜ் தம்பி. ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1830இல் தருமசங்கம் தொடங்கியது எதற்கு? துரத்தப்பட்ட சபையாருக்கு நிலம் வாங்கிக் குடிவைக்கத்தான். ஆகவே

டேனி: ரேனியஸ் வந்துவிட்டார் 😀

ரஞ்சிதம்: அதை விடுங்கள். பாதரட்சை என்றதும் ஞாபகம் வந்தது. போன வியாழன் எங்கள் வாசலிலிருந்து பிரவுன் தோல் செருப்பை யார் போட்டுப்போனது? அதே நிறத்தில் குதிகால் தேய்ந்த ஜோடி ஒன்று கிடக்கிறது, அளவு 9. என் வீட்டுக்காரருக்கு 8. ஒரு வாரமாகப் பாத்ரூம் செருப்போடு வங்கிக்குப் போகிறார்

மேரி: அல்லேலூயா

டேனி: சார், செருப்பு கைமாறினால் ரஞ்சி அத்தை வீடும் கைமாறியதாகத்தானே அர்த்தம்?

ஞானராஜ் சார்: இல்லை. கழற்றுகிறவன்தான் உரிமையை விடுகிறான். மேலும், அங்கே பத்து மூப்பர் சாட்சியாக உட்கார்ந்திருந்தார்கள் (4:2). போன வாரம் நம்மில் வந்தது எட்டுப் பேர்.

பொன்னம்மா ஆச்சி: 🎤 குரல் செய்தி 1:48

எஸ்தர்: ஆச்சி பேசியது பாதி இருமல்தான். பெரிய வீட்டுத் திண்ணையில் வைக்கச் சொல்கிறார்கள். மாமா இருந்தபோது குடும்ப ஜெபம் அங்கேதான் நடக்குமாம். சாக்கு விரித்து, அரிக்கேன் விளக்கு வைத்து

மேரி: நல்ல யோசனை. சாவி?

எஸ்தர்: இரண்டு பூட்டு தொங்குகிறது சித்தி. உங்களுக்குத் தெரியாததா

மேரி: தெரியும். அவர்கள் வாயாலேயே வரட்டும் என்று கேட்டேன்

ஜெபராஜ்: கேட்டில் என் பூட்டை ஆறரைக்குத் திறந்து வைக்கிறேன். செல்வின் அவன் பூட்டைத் திறந்தால் சரி

செல்வின்: திண்ணையில் பல்பு இல்லை

ஜெபராஜ்: பல்பு கழன்றது யாரால் என்று

எஸ்தர்: அத்தான் 🙏🙏

டேனி: நான் வீடியோவில் சேரலாமா? அங்கே டவர் கிடைக்குமா?

ரஞ்சிதம்: கொசுவத்தி நான் கொண்டுவருகிறேன். செருப்பைக் கொண்டுவருகிறவர் யார்?

ஜெபராஜ்: அந்த 9 என்னுடையதுதான் போலிருக்கிறது ரஞ்சி. மழையில் நனைந்து தோல் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒரு வாரமாகக் கடிக்கிறது

டேனி: சார்!! சுதந்தரவாளி கிடைத்துவிட்டார்

ஞானராஜ் சார்: இல்லை தம்பி, இவர் கழற்றவில்லை, போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வேறு கேஸ்.

ரஞ்சிதம்: அண்ணாச்சி 😂 நாளை மறக்காமல் போட்டுவாருங்கள்

செல்வின்: என் சாவியைத் தேட வேண்டும். சாமானோடு முற்றத்தில் எங்கேயோ கிடக்கும்

மேரி: தேடுகிறாயா, தேடப்போகிறாயா

செல்வின்: பார்க்கலாம் சித்தி

எஸ்தர்: போதகர் வீட்டு ஐயரம்மாவுக்கு இடம் என்னவென்று சொல்ல? இப்போதுதான் போன் வந்தது

செல்வின்: காலையில் சொல்கிறேன் மைனி

ரஞ்சிதம்: இடம் எதுவோ ஆகட்டும். சுண்டலுக்குக் கடலை ஊறப்போடவா வேண்டாமா? ஒன்பது மணிக்குள் யாராவது சொல்லுங்கள்