தாகம் எடுத்தால் குடித்தால் போதுமா, மூன்று லீட்டர் கட்டாயமா?

வெள்ளவத்தை உயிரியல்

என் ரியூசன் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் தாய் கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறார். இந்த மாதம் அங்கே எல்லோரும் தினமும் மூன்று லீட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, வெறும் போத்தலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். அவர் நாற்பத்தெட்டுக் கிலோ. நாள் முழுக்க ஏசிக்குள் இருப்பவர். இரண்டாவது போத்தலிலேயே ஓங்காளம் வருகிறது என்கிறார். ஆனாலும் பட்டியலில் கடைசியாக நிற்க வெட்கம்.

இது தேவையில்லாத வதை என்பது என் கருத்து. எட்டுக் கிளாஸ், மூன்று லீட்டர் என்ற பேச்சின் வேரைத் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் 1945இல் அமெரிக்க உணவு, போசாக்குச் சபை சொன்ன பரிந்துரையில் போய் நிற்கிறார்கள். உண்ணும் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிலீட்டர் நீர் என்றது அது. கூடவே, அதில் பெரும்பங்கு நாம் சாப்பிடும் உணவிலேயே இருக்கிறது என்றும் சொன்னது. பிற்பாதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சோற்றில் பத்தில் ஏழு பங்கு நீர்தான். பருப்பு, சொதி, வெள்ளரிக்காய் எல்லாம் கணக்கில் வரும். உணவு உடலுக்குள் எரியும்போது உண்டாகும் நீர் மட்டுமே நாளுக்கு 250 முதல் 300 மில்லிலீட்டர்.

மூளையின் அடியில் ஹைப்போதலமசு என்று சிறிய பகுதி இருக்கிறது. இரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு வீதம் கூடினாலே அது தாகத்தைக் கிளப்பும். அதற்கும் முன்னரே ஏடிஎச் என்ற ஓமோனை வெளிவிட்டு, சிறுநீரகத்தை நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும். இவ்வளவு நுட்பமான காவல்காரன் உள்ளே இருக்கும்போது வெளியில் இருந்து போத்தல் கணக்கு எதற்கு? ஆரோக்கியமான ஒருவர் தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும்.

யார்ட் தம்பி

சேர், நீங்கள் சொல்வது ஏசிக்குள் இருப்பவர்களுக்குச் சரியாக இருக்கலாம். நான் துறைமுகப் பக்கம் ஒரு கொள்கலன் யார்டில் ஆறு வருடம். சித்திரை மாதம் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும்போது இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பாருங்கள். தாகம் எடுத்தால் குடிப்பேன் என்றுதான் நானும் இருந்தேன். அதன் பலன் மூன்று வருடத்துக்கு முன் வலப்பக்க சிறுநீரகத்தில் கல். இரவு இரண்டு மணிக்கு நிலத்தில் உருண்டேன். அந்த வலியை யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

வைத்தியர் சொன்னது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு இரண்டரை லீட்டர் சலம் போக வேண்டும், அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டுமோ அவ்வளவு குடி. அப்புறம் நானே தேடி வாசித்தேன். 1996இல் இத்தாலியில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. முதல் தடவை கல் வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஐந்து வருடம் கவனித்தார்கள். நிறையக் குடித்தவர்களில் 12 வீதம் பேருக்குத் திரும்ப வந்தது. வழமைபோல் இருந்தவர்களில் 27 வீதம். தாகத்தை நம்பியிருந்தவர்கள் அந்த இரண்டாவது கூட்டம்தானே சேர்?

மாளிகாவத்தை நானா

தம்பி, உங்களுக்கு வந்தது கொடுமைதான். ஆனால் சேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நான் முப்பது வருடமாக நோன்பு பிடிக்கிறேன். விடியற்காலையில் இருந்து மஃரிப் வரை பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் ஒரு சொட்டு இறங்காது. பகலில் சலம் குறையும், நிறம் கடும் மஞ்சளாகும். உடம்பு சேமிக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். நோன்பு திறந்து கஞ்சி குடித்து, தராவீஹ் தொழுது வரும்போது எல்லாம் பழையபடி.

ஆனால் எங்கள் கடையில் மூட்டை இறக்கும் நாட்டாமைமாரில் நோன்பு பிடிப்பவர்களுக்கு ஒன்று செய்வோம். கனமான வேலையை எல்லாம் காலை ஒன்பதுக்கு முன்னால் முடித்துவிடுவோம். உள்ளே போவதைக் கூட்ட முடியாத மாதத்தில், வெளியே போவதைத்தான் குறைக்க வேண்டும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லோரும் குடி குடி என்றே சொல்கிறார்கள்.

வெள்ளவத்தை உயிரியல்

நானா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு இரத்தத்தில் இருந்து ஏறத்தாழ 180 லீட்டர் திரவத்தை வடித்தெடுக்கின்றன. அதில் 99 வீதத்தைத் திரும்பவும் உறிஞ்சிக்கொள்கின்றன. நெருக்கடி வந்தால் நாளுக்கு அரை லீட்டர் சலத்தோடு கழிவை வெளியேற்ற அவற்றால் முடியும். உங்களுடைய கடும் மஞ்சள் நிறம் அந்த வேலையின் அடையாளம்தான்.

குடலின் கதை இன்னும் வியப்பானது. நாம் குடிப்பது இரண்டு லீட்டர் என்றால், உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையநீர் எல்லாம் சேர்ந்து இன்னும் ஏழு லீட்டர் அதற்குள் இறங்குகிறது. அந்த ஒன்பது லீட்டரில் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லிலீட்டர்தான். மீதி எல்லாம் திரும்ப உள்ளே. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

தம்பிக்கு: கல் வந்தவர் கூடுதலாகக் குடிக்கத்தான் வேண்டும், அதில் வாதமே இல்லை. ஆனால் அது ஒரு நோயாளிக்கான மருந்தளவு. அதை ஊருக்கே விதியாக்கினால் மறுபக்கம் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 வீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மிஞ்சிக் குடித்து எடை கூடியவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள். சிறுநீரகம் மணித்தியாலத்துக்கு ஒரு லீட்டருக்குக் கிட்டத்தான் வெளியேற்றும். அதற்கு மேல் ஊற்றினால் இரத்தம் நீர்த்து மூளை வீங்கும். தாகம் இல்லாமல் குடித்ததால் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

தெஹிவளை அம்மா

சுருக்கமாக ஒரு கேள்வி. நான் நாளுக்கு நாலு பிளேன்டீ குடிப்பேன். தேத்தண்ணி உடம்பில் இருக்கிற தண்ணியையும் இழுத்துக்கொண்டு போய்விடும், கணக்கில் சேராது என்று மகள் சொல்கிறாள். உண்மையா?

வார்ட் அக்கா

இல்லை அம்மா, சேரும். பழக்கப்பட்டவர்களுக்கு நாலைந்து கப் தேத்தண்ணி வெறும் தண்ணீரைப் போலத்தான் உடம்பில் தங்குகிறது. சீனியை மட்டும் பாருங்கள்.

இப்போது மற்ற இருவருக்கும். நான் இருபது வருடமாகத் தாதி வேலை. இரண்டு பேரின் பேச்சையும் கேட்டுத் துன்பப்பட்டவர்களை நான் கட்டிலில் பார்த்திருக்கிறேன்.

சேர், உங்கள் காவல்காரனுக்கும் வயது போகும். எழுபது தாண்டியவர்களுக்குத் தாகம் மழுங்கிவிடும், சிறுநீரகத்தின் சேமிக்கும் சக்தியும் குறையும். முகத்துவாரத்தில் இருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். இரவில் எழும்ப வேண்டி வருமே என்று பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு குடிப்பதை நிறுத்தியிருக்கிறார். தாகமே இல்லை என்று சத்தியம் செய்தார். நாக்கு ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது, மகனின் பெயர் தெரியவில்லை. அவருக்குத் தாகத்தை நம்பு என்று சொல்வீர்களா?

தம்பி, உங்கள் லீட்டர் கணக்கிலும் ஆட்கள் விழுகிறார்கள். இதயம் பலவீனமான ஒருவர், நாளுக்கு ஒரு லீட்டர் என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தோம். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி மூன்று லீட்டர் குடித்து, நெஞ்சுக்குள் நீர் கட்டி, மூச்சு வாங்க வாங்க வந்தார்.

டெங்கு நேரம் இன்னொரு பிழை நடக்கும். காய்ச்சல்காரருக்கு வெறும் தண்ணீரையே ஊற்றுவார்கள். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோசுத் தூள்), கஞ்சி, செவ்விளநீர் என்று உப்பும் சத்தும் உள்ளதைக் கொடுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்துக்கொண்டுதான் ஒரே வாசலால் உள்ளே போகும், அவற்றின் பின்னால் நீர் போகும். ஜீவனியில் இரண்டும் அளவாக இருப்பது அதனால்தான். 1971இல் வங்காள அகதி முகாம்களில் வாந்திபேதி வந்தபோது, சேலைன் போத்தல் தீர்ந்துபோன இடத்தில் இந்தக் கரைசல்தான் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது. பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். நல்லது என்று கட்டியாகக் கரைத்தால் கெடுதல். செவ்விளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோயாளர் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

யார்ட் தம்பி

அக்கா சொன்ன நோயாளர் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். அது எனக்குத் தெரியாது. ஆனால் வெயிலில் வேலை செய்யும் சுகதேகிக்கும் தாகம் போதாது என்றுதான் நான் சொல்கிறேன். 1940களில் அமெரிக்கப் பாலைவனத்தில் படையினரை வைத்து அடோல்ஃப் என்பவர் ஆய்வு செய்தார். பக்கத்தில் தண்ணீர் இருந்தும், தாகத்துக்கு மட்டும் குடித்தவர்கள் வியர்த்ததை அப்போதைக்கு ஈடுகட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் சரிக்கட்டினார்கள்.

ஒரு வகையில் கொழும்பு பாலைவனத்தை விட மோசம். ஒரு லீட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை குளிரவைக்காது. நீரும் உப்பும் நட்டம், சூடு மட்டும் அப்படியே. 32 பாகைதானே என்று சொல்வார்கள். ஈரப்பதன் 75 வீதம் என்றால் உடம்புக்கு அது 40ஐத் தாண்டிவிடும். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுவது இதற்காகத்தான்.

குறுக்குத்தெரு

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

நான் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறேன். காலை எட்டரையில் இருந்து இரவு ஏழு வரை. தாகம் எடுக்கும். நன்றாக எடுக்கும். குடிக்க மாட்டேன். கழிவறைத் திறப்பு முதலாளியின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. ஆண்கள் நாலு பேர் நிற்கும்போது போய்த் திறப்பைக் கேட்க வேண்டும். மாதத்தில் சில நாட்கள் இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டும். அதனால் காலையில் வீட்டில் அரைக் கப் தேத்தண்ணி, மத்தியானம் சோற்றோடு இரண்டு மிடறு. எங்கள் கடையில் ஏழு பெண்கள், ஏழு பேரும் இப்படித்தான். போன வருடம் எனக்கு மூன்று தடவை சலக்கடுப்பு வந்து மருந்து எடுத்தேன்.

பள்ளிக்கூடத்திலும் இதுதான் பழக்கம். கழிவறை நாறும் என்று தண்ணீர்ப் போத்தலை நிறைத்துக்கொண்டு போய் நிறைத்தபடியே கொண்டுவருவோம். சேர் சொல்லும் காவல்காரன் கத்திக்கொண்டுதான் இருந்தான். நாங்கள் கேட்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டோம்.

வார்ட் அக்கா

தங்கச்சி, நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உங்களைப் போன்ற பெண்களைப் பற்றியதுதான். அடிக்கடி சலக்கடுப்பு வரும், நாளுக்கு ஒன்றரை லீட்டருக்குக் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள். பாதிப் பேரை இன்னும் ஒன்றரை லீட்டர் கூட்டிக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் மற்றவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை வந்தது, இவர்களுக்கு 1.7 தடவை. அடக்கி வைப்பதும் கூடாது. திரும்ப வந்தால் காய்ச்சல், முதுகு வலி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

வெள்ளவத்தை உயிரியல்

தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். தாகம் போதும் என்று எழுதும்போது, தாகம் எடுத்தவர் எழுந்து போய்க் குடிக்கலாம், பிறகு எழுந்து போய்ச் சலம் கழிக்கலாம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். என் வகுப்பில் இரண்டு மணித்தியாலம் நடுவில் விடாமல் படிப்பிப்பேன். எத்தனை பெண்பிள்ளைகள் அடக்கிக்கொண்டு இருந்தார்களோ தெரியாது. இந்த வாரத்தில் இருந்து நடுவில் பத்து நிமிடம் விடுகிறேன்.

ஆனாலும் தம்பி, மூன்று லீட்டர் என்ற ஒற்றை எண்ணை இன்னமும் நான் ஏற்கவில்லை. போவதைப் பார்த்துத்தான் வருவதை வைக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் போயிருக்கிறது. அறுபது கிலோ ஆளுக்கு 1.2 கிலோ குறைந்தாலே வேலைத்திறன் விழத்தொடங்கும். காலைச் சலம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

யார்ட் தம்பி

யார்டில் தராசு எங்கே சேர் இருக்கிறது, கொள்கலன் நிறுக்கும் தராசுதான். நான் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் வேறு. தாகமாக இருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னால், கொஞ்சம் பொறு, இந்த லொறியை முடி என்பார். வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒரு கிளாஸ், மணித்தியாலத்துக்கு ஒன்றரை லீட்டருக்கு மேல் வேண்டாம், நிழலில் இளைப்பாற நேரம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் அவரால் அப்படிச் சொல்ல முடியாது. எங்களைப் போன்றவர்கள் கையில் பிடித்துக்கொண்டு கேட்பதற்கு ஒரு எண் வேண்டும்.

மாளிகாவத்தை நானா

இது சரியான பேச்சு. நான் கடை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன், எழுதி ஒட்டினால் நாங்களும் மறக்க மாட்டோம். என் கடையில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். திறப்பை நானும் மேசைக்குள்தான் வைத்திருந்தேன். இன்று பின்பக்கக் கதவில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாயிற்று.

குறுக்குத்தெரு

நன்றி நானா. எங்கள் முதலாளியிடம் ஏழு பேரும் சேர்ந்து போய்க் கேட்கலாம் என்று இன்று மத்தியானம் பேசினோம். சேர், அக்கா, நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியுமா? நாங்களே சொன்னால் சாக்கு என்பார்.

வார்ட் அக்கா

நாளை இரவு டியூட்டி முடிந்ததும் எழுதுகிறேன். சேர் பார்த்துத் திருத்தட்டும்.

யார்ட் தம்பி

சிங்களத்திலும் வேண்டும் அக்கா. எங்கள் யார்டில் பாதிப் பேர் சிங்களத்தில்தான் வாசிப்பார்கள்.