பயிற்சி விமானி திட்டத்துக்கு மகள் விண்ணப்பிக்கிறாள்: நிலத்தை ஈடு வைக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

தேன்பெட்டி, அருமனைப் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். நான் தேனீ வளர்க்கிறேன். சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் 110 பெட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சவூதியில் ஏசி மெக்கானிக். ஒரே மகள், 19 வயது. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்தாள், இப்போது நாகர்கோவிலில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு.

அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவை வழியனுப்பத் திருவனந்தபுரம் போனோம். திரும்பும் வழியில் சங்குமுகம் கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். விமானம் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றவளை வண்டியில் ஏற்றப் பெரும்பாடாகிவிட்டது. அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறாள், விமானி ஆக வேண்டும் என்று. நானும் அது மாறிப்போகும் என்றுதான் நினைத்திருந்தேன். மாறவில்லை.

இப்போது ஒரு விமான நிறுவனம் பயிற்சி விமானிகளைத் தேர்ந்தெடுக்க அறிவிப்பு விட்டிருக்கிறது. மொத்தச் செலவு ஒரு கோடிக்கு மேல். எங்களிடம் இருப்பது 11 சென்ட்டில் வீடு, 60 சென்ட் ரப்பர், கொஞ்சம் நகை. அவ்வளவுதான்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. அவள் கண்ணாடி போடுகிறாள், மைனஸ் 1.25. அது தடையா? பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம் படித்தால் புரியும், பேசத் தயங்குவாள். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா? நாகர்கோவிலில் ஒருவர், 50,000 ரூபாய் கொடுத்தால் தேர்வில் இடம் உறுதி செய்து தருகிறேன் என்கிறார். அடுத்த வாரத்துக்குள் சொல்லச் சொல்கிறார். இந்தத் துறையில் இருக்கும் யாராவது உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளையின் ஆசையை நான் கெடுக்கவும் கூடாது, குடும்பம் தெருவில் நிற்கவும் கூடாது.

முட்டம் லைட்ஹவுஸ்

அக்கா, நான் முட்டத்துக்காரன். அப்பா விசைப்படகில் வேலை பார்த்தவர். நான் இப்போது ஏ320 விமானத்தில் துணை விமானி, இதே மாதிரி ஒரு திட்டத்தின் வழியாகத்தான் வந்தேன்.

முதலில் அந்த 50,000. கொடுக்காதீர்கள். இந்தத் தேர்வில் யாராலும் இடம் உறுதி செய்ய முடியாது. கம்ப்யூட்டரில் நடக்கும் திறன் சோதனை, அப்புறம் குழுவாக ஒரு வேலை, அப்புறம் நேர்காணல். அவர் உங்கள் மகளுக்குப் பதிலாக அதில் எதிலும் உட்கார முடியாது. அவள் தானாகத் தேறினால் "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்பார், தேறாவிட்டால் போனை எடுக்க மாட்டார்.

அடுத்தது உடம்பு. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். விமானி உரிமம் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, அது கிடைத்த பிறகு முதல் வகுப்பு. வணிக விமானிக்கு முதல் வகுப்புச் சான்று இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஈசிஜி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், காது கேட்கும் திறன், ரத்தம், சிறுநீர், கண் எல்லாம் பார்ப்பார்கள். நான் பெங்களூரில் விமானப்படையின் வான்-விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் எடுத்தேன். மைனஸ் 1.25 பயப்படும் அளவு இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும், என்னோடு பறப்பவர்களில் பாதிப் பேர் கண்ணாடிக்காரர்கள். லேசர் செய்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள், அறுவை செய்த கண்ணுக்குத் தனி விதிகளும் காத்திருப்பும் உண்டு. நிறக்குருடு மட்டும் கண்ணாடியால் சரியாகாது. புள்ளிகளுக்குள் எண் தெரியும் இஷிஹாரா அட்டைகளை உள்ளூர்க் கண் டாக்டரிடமே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் முதல் தவணை கட்டிவிட்டுத்தான் முதல் வகுப்புச் சோதனைக்குப் போனான். காதில் குறை என்று வந்துவிட்டது. கட்டிய பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது. அவன் அம்மா விற்ற வளையல் திரும்பவே இல்லை.

பெயர் விஷயத்தைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் இனிஷியலோடு போய் மாட்டிக்கொள்ளாத பிள்ளையே இல்லை. டிஜிசிஏ தேர்வு எழுதக் கம்ப்யூட்டர் எண் என்ற பதிவு எண்ணை வாங்க வேண்டும். அதற்குப் பிளஸ் டூ சான்றைத் தேர்வுத்துறையிடம் சரிபார்த்து வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள். எனக்கு இதில் மட்டும் நான்கு மாதம் போனது.

ஆங்கிலம். நானும் தமிழ் வழிதான். விமானிக்கு இலக்கிய ஆங்கிலம் வேண்டாம், உலக அளவுகோலில் 4-ஆம் நிலை போதும். ஆனால் கேட்டதைச் சரியாகத் திருப்பிச் சொல்லும் வாய் வேண்டும். நான் ஒரு வருடம் தினமும் காலையில் ஆங்கிலச் செய்தித்தாளின் அரைப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். அப்புறம் அதில் இருந்ததை அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொல்வேன். அவருக்குப் புரியாது, ஆனாலும் வலை பின்னிக்கொண்டே கேட்பார். கூச்சம் போனது அப்படித்தான். உங்கள் பிள்ளை பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகூட வாசிக்கலாம்.

திறன் சோதனையில் முதல் தடவை நான் தோற்றேன். ஜாய்ஸ்டிக்கால் ஒரு புள்ளியை வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும், அதே நேரத்தில் காதில் எண்கள் வரும், ஓரத்தில் மனக்கணக்கு ஓடும். எண் வந்ததும் நான் புள்ளியை விட்டுவிட்டேன். ஒரு வேலையில் மூழ்கி இன்னொன்றை மறக்கிற ஆளா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். மனக்கணக்கை வாயில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒரு பாகை விலகிப் போனால் 60 நாட்டிகல் மைலில் ஒரு மைல் தள்ளி நிற்போம். 30,000 அடியிலிருந்து இறங்க ஏறக்குறைய 90 மைல் வேண்டும். நாட், மைல், பாகை எல்லாம் எனக்கு அப்பாவின் படகில் காதில் விழுந்த சொற்கள். கடலில் இருப்பதுதான் மேலேயும் இருக்கிறது.

நேர்காணலில் "சின்ன வயதிலிருந்தே கனவு" என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த வரியை எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மகள் தேன்பெட்டி வேலையில் உங்களுக்கு உதவுவாளா? தேனீ எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, இருட்டில், பெட்டியைக் குலுங்காமல் இடம் மாற்றுவீர்களே, அதை அவள் செய்திருந்தால் சொல்லட்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும், எதை முதலில் பார்ப்பாள், யார் பேச்சைக் கேட்பாள். கேட்பவர்களுக்குத் தேவை அதுதான்.

அவளுக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். திருவனந்தபுரம் ஓடுதளத்துக்கு 14/32 என்று பெயர். ஆனி, ஆடியில் மேற்கே கடலிலிருந்து காற்று அடிக்கும்போது விமானம் எந்தப் பக்கமிருந்து வந்து இறங்கும், ஏன்? பதிலை அவளே இங்கே எழுதட்டும்.

வடசேரி ரிட்டயர்டு

அம்மா, நான் வங்கியில் 31 வருடம் இருந்தவன். கடன் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே பொதுவாக ஈடு கேட்பார்கள். உங்கள் 60 சென்ட் ரப்பரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, வங்கியால் அதை எளிதில் ஏலம் விட முடியாது. அதனால் பல கிளைகள் தயங்கும், வீட்டைத்தான் கேட்கும். மூலப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்துக்கு லீவில் வர வேண்டியிருக்கும், அல்லது அங்கே தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். கடைசி நேரத்தில் இதற்கு ஓட முடியாது.

கணக்கையும் பாருங்கள். 80 லட்சம், 10 சதவீத வட்டி, 10 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஒரு லட்சத்து ஐந்தாயிரத்துக்கு மேல் வரும். படிக்கும் காலத்தில் தவணை இல்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முடிந்தால் அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். பயிற்சி ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் பணம் விடுவிக்க வங்கியிடம் எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை வக்கீலிடம் காட்டுங்கள். உரிமம் வாங்கிய பிறகு வேலை உறுதியா, அல்லது நிறுவனத்துக்குத் தேவை இருந்தால் மட்டுமா? குறிப்பிட்ட விமானத்தை ஓட்டும் டைப் ரேட்டிங் செலவு இந்தத் தொகைக்குள் இருக்கிறதா, தனியா? பிள்ளை நடுவில் உடல்நிலையால் விலகினால் எவ்வளவு திரும்பும்? நான் கையாண்ட ஒரு கடனில் வேலைக்கு இரண்டு வருடம் காத்திருந்தார்கள். அந்த வீட்டுக்கு நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இன்றும் அந்தத் தெரு வழியாகப் போக மனம் வருவதில்லை.

இரணியல் ரோடு

நிறுவனத் திட்டம் மட்டும்தான் வழி என்று நினைத்துவிட வேண்டாம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டிஜிசிஏ தாள்கள் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வாங்க வேண்டும். இதைத் தனியாகவும் செய்யலாம். உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலிக்குப் பக்கத்தில் மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி அகாடமி நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நான் தனியாகப் போனவன். சேர்ந்த பள்ளியின் பெயர் வேண்டாம். 14 மாதத்தில் முடியும் என்றார்கள், 31 மாதம் ஆனது. இருந்த விமானங்களில் இரண்டு பழுதாகி நின்றன, மழைக்காலம் ஒரு பக்கம், மூடுபனி ஒரு பக்கம், சொல்லித்தருபவர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். விடுதி வாடகையும் சாப்பாடும் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தன. அதனால் எந்த வழியில் போனாலும், எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், அங்கே இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை விமானம், போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்காதீர்கள், விடுதிக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.

டிஜிசிஏ தாள்களுக்குப் படிப்பதை இப்போதே ஆரம்பிக்கலாம். வானிலையியல் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்று தெரிந்த பிள்ளைக்கு அதில் பாதி எளிதாகப் புரியும்.

தேன்பெட்டி, அருமனைப் பக்கம்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன்.

50,000 கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் போன் செய்தார், அப்புறம் விட்டுவிட்டார். இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனை முடிந்தது, தேறிவிட்டாள். நிறம் பார்ப்பதில் குறை இல்லை. முதல் வகுப்புக்குப் பெங்களூர் போக நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறோம். பாஸ்போர்ட்டுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் பெயர் ஒத்துவரத் திருத்தம் கொடுத்திருக்கிறோம். வீட்டுப் பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது. முதல் வகுப்பும் திறன் சோதனையும் முடிகிற வரை அதை எடுப்பதில்லை என்று அவரும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

காலையில் செய்தித்தாள் வாசிக்கிறாள். முதல் வாரம் குரலே வெளியே வரவில்லை. இப்போது பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்ட வருபவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

முட்டம் தம்பியின் கேள்விக்கு அவள் எழுதச் சொன்னது: 14 என்றால் 140 பாகை, 32 என்றால் 320 பாகை. விமானம் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். மேற்குக் காற்றுக்கு 320-தான் நெருக்கம், அதனால் தென்கிழக்கிலிருந்து, அதாவது நம் மாவட்டப் பக்கமிருந்து வந்து இறங்கும். காற்று நேராக இல்லாமல் இடப்பக்கம் சரிந்து அடிப்பதால் மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் வைத்திருக்க வேண்டும். சரியா தம்பி?

முட்டம் லைட்ஹவுஸ்

சரி அக்கா, முழுக்கச் சரி. மூக்கை எங்கே வைப்பது என்பதை நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொல்லியிருக்கிறாள்.

பெங்களூர் போகும்போது கண்ணாடி இன்னொரு ஜோடி கையில் இருக்கட்டும், கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு. முந்தின இரவு ரயிலில் தூக்கம் வராது, அதனால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து ஓய்வெடுங்கள்.